வளையம் போன வழி

அந்த ரப்பர் வளையம் என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இருக்காது. கறுப்பு நிறம். கைதவறிக் கீழே விழுந்தால் தேடி எடுப்பது கஷ்டம். ஆஸ்பத்திரிகளில் சொட்டு மருந்தை அளவு பிசகாமல் நோயாளியின் உடம்புக்குள் அனுப்பும் பம்புகளை எங்கள் தொழிற்சாலை செய்கிறது. பம்புக்குள் மோட்டாரின் அச்சு வெளியே எட்டிப் பார்க்கும் இடத்தில் இந்த வளையம் உட்கார்ந்திருக்கும். மேலே மருந்து சிந்தினாலோ துடைக்கிற ஈரம் இறங்கினாலோ உள்ளே இருக்கும் மின்பலகைக்குப் போய்விடாமல் அது தடுக்கும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு.

நான் அந்த வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்ததே வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்துத்தான். அதுவரை எனக்கு அது திரையில் ஒரு வரி. கம்பெனியின் சிஸ்டத்தில் உள்ள தகவல்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. எங்களிடம் இருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் எண் உண்டு. அதை எண்ணுவது மீட்டரிலா, ரோலிலா, பாக்கெட்டிலா, எந்தத் தட்டில் இருக்கிறது, யாரிடமிருந்து எந்த லாட்டில், அதாவது ஒரே தடவையில் செய்த எந்தத் தொகுதியில், வந்தது, கடைசியில் எந்தப் பம்புக்குள் போனது என்பதெல்லாம் சிஸ்டத்தில் இருக்கும். தரையில் ஒரு பெட்டி இடம் மாறினால் திரையிலும் மாற வேண்டும். மாறவில்லை என்றால் நான் போய்க் கேட்க வேண்டும். கேட்கப் போகிறவளை யாருக்குப் பிடிக்கும்?

மோட்டாரில் வளையம் மாட்டும் அசெம்பிளி லைனின் லீடர் அக்காவுக்கு நிச்சயமாகப் பிடிக்காது. எங்கள் தீவின் இன்னொரு கோடியிலுள்ள டத்தோ கிராமாட்டிலிருந்து விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறி வருகிறவர். பக்கத்திலேயே பாயான் பாருவில் பிளாட் எடுத்துக்கொண்டு நடந்தே வேலைக்கு வரும் என்னைப் பார்த்தாலே அவருக்குக் கொஞ்சம் எரிச்சல். நான் லைன் பக்கம் தலைகாட்டினால் போதும், பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமாகவே சொல்வார்.

"வந்துட்டாங்க லா, போலீசு."

எங்கள் சண்டை எப்போதும் ஒரே விஷயத்துக்குத்தான். புதிதாகப் பிரிக்கிற ஒவ்வொரு பாக்கெட்டையும் ஸ்கேன் செய்ய வேண்டும் என்பது விதி. அவசரத்தில் ஆட்கள் முதல் பாக்கெட்டின் ஸ்டிக்கரை மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டு அதையே ஸ்கேனரால் திரும்பத் திரும்ப அடிப்பார்கள். ஒருநாள் அந்த ஸ்டிக்கரை நான் மேசையிலிருந்து உரித்து எடுத்தபோது அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரே சாமான்தானேம்மா. அதே வளையம், அதே சைஸ். ஒரே ஸ்டிக்கர அடிச்சா என்ன கொறஞ்சிடும்? டார்கெட் எட்டலைன்னா ஏச்சு வாங்கப்போறது நான்தான், நீ இல்ல."

"பாக்கெட் வேறன்னா லாட்டும் வேறயா இருக்கலாம்க்கா."

"கண்ணுக்கு ஒண்ணாத்தானே இருக்கு?"

விதி இருக்கிறது, ஆடிட்டர் வருவார் என்றேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அந்த வேலை ஆடிட்டருக்காகத்தான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா தலையில் போட்டிருந்த நீல வலைத்தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "சரி சரி, அடிக்கிறோம். போயி ஒன் ஏர்கோன் ரூம்ல ஒக்காரு" என்றார். ஆனால் அதற்குப் பிறகு அவர் லைனில் மேசையில் ஒட்டிய ஸ்டிக்கரை நான் பார்த்ததில்லை. வாயால் என்னை ஏசுவார், கை ஸ்கேன் செய்யும். அப்படிப்பட்ட மனுஷி.

பல மாதம் கழித்து ஒரு காலையில், ரொட்டி சானாய் தின்ற கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, தரப் பிரிவின் மேனேஜர் என் மேசைக்கு வந்து நின்றார். சீனப் பெண்மணி, என்னைவிட மூத்தவர். எதுவென்றாலும் போனில் கூப்பிடுகிறவர் நேரில் வந்து நின்றதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கையில் ஒரே ஒரு தாள். வளையம் செய்து தருகிற கம்பெனி அனுப்பிய செய்தி. ஒரு லாட்டில் மட்டும் ரப்பர் கலவை தவறிவிட்டது, வெக்கையில் நாள்பட இருந்தால் வளையம் விரிசல் விடக்கூடும் என்று அதில் இருந்தது.

"இந்த லாட் நம்மிடம் வந்ததா? வந்திருந்தால் எங்கே போனது?" என்று ஆங்கிலமும் மலாயும் கலந்து கேட்டார். குரலை உயர்த்தவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

லாட் எண்ணைத் தட்டினேன். வந்திருந்தது. வந்த பெட்டியும் வைத்த தட்டும் திரையில் தெரிந்தன. பக்கத்திலிருந்த சிறிய கூட்டல் குறியைத் தொட்டேன். எந்தெந்த நாள் லைனுக்குப் போனது என்பது விரிந்தது. மறுபடி தொட்டேன். மோட்டார்கள் வந்தன. ஒவ்வொரு மோட்டாரும் எந்தப் பம்புக்குள் போனது என்று வந்தது. பம்புகளின் வரிசை எண்கள் திரைக்குள் அடங்காமல் கீழே கீழே போய்க்கொண்டிருந்தன. இன்னொரு தொடல். இப்போது ஊர்கள் வந்தன. கூச்சிங், கோத்தா பாரு, கொழும்பு, மணிலா, பெயரை எப்படி உச்சரிப்பது என்று எனக்குத் தெரியாத ஊர்கள்.

இதே தேடலை ஆடிட்டர்களுக்கு எத்தனையோ முறை செய்து காட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் அது பரீட்சை மாதிரி. பதில் வந்ததும் மூடிவிட்டு டீ குடிக்கப் போவோம். அன்றைக்கு நான் திரையை மூடவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொட்டலத்திலிருந்து பிரிந்த வளையங்கள் இத்தனை கடல் தாண்டி, எந்தெந்தக் கட்டிலின் பக்கத்திலோ நின்றுகொண்டிருக்கின்றன. பாயான் லெப்பாஸில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் கடைசி ஊர்வரை படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதை நம்பலாமா?" என்றார்.

சிஸ்டம் சொல்வது அதற்குள் நாங்கள் போட்டதைத்தான். போட்டவர்கள் சரியாகப் போட்டிருந்தால் சரி என்றேன்.

"அப்படியானால் கைக்கு எட்டுகிறதையெல்லாம் நேரில் பார்த்துவிடுவோம்" என்று எழுந்தார்.

முதலில் ஸ்டோர். சிஸ்டம் சொன்ன தட்டில், சிஸ்டம் சொன்ன மூலையில், மிச்சம் இருந்த வளையப் பொட்டலம் இருந்தது. மலாய்க்கார ஸ்டோர்கீப்பர் ஏணியிலிருந்து இறங்கி அதை என் கையில் வைத்தபோதுதான் நான் அந்த வளையத்தை முதல்முதலாகத் தொட்டேன். மிக லேசாக இருந்தது.

அடுத்தது கடினமானது. ஒரு நாள் வேலை நடுவில் கெட்ட லாட் முடிந்து நல்ல லாட் தொடங்கியிருந்தது. இந்தப் பம்பு வரைக்கும் பழைய வளையம், இதற்கு அடுத்ததிலிருந்து புது வளையம் என்று சிஸ்டம் ஒரு கோடு கிழித்திருந்தது. நல்லவேளையாக, அந்தப் பம்புகள் கப்பலேறாமல், தீவுக்கு எதிர்க்கரையில் பிறை என்ற ஊரிலுள்ள எங்கள் கிடங்கிலேயே இருந்தன. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ளவற்றைக் கொண்டுவரச் சொன்னார் மேனேஜர். கண்ணால் பார்த்தால் எல்லா வளையமும் ஒன்றுதான். ஆனால் கலவை தவறியதால் கெட்டது கொஞ்சம் கடினமாக இருக்கும். எங்கள் சோதனை லேபில் ஊசியால் அழுத்திப் பார்க்கும் கருவியில் வித்தியாசம் தெரியும்.

லேபின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒவ்வொரு பம்பாகத் திறந்து வளையத்தைக் கழற்றி அழுத்தினார்கள். கெட்டது. அடுத்ததும் கெட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கத்துக் கடைசிப் பம்பும் கெட்டது. அதற்கு அடுத்த பம்பை எடுத்தார்கள். கருவியின் முள் வேறு இடத்தில் போய் நின்றது. நல்லது. அதற்கப்புறம் எடுத்ததெல்லாம் நல்லது. சிஸ்டம் கோடு கிழித்த அதே இடத்தில், ஒரு பம்புகூடப் பிசகாமல், உள்ளே வளையம் மாறியிருந்தது.

அந்த நாளில் லைனில் இருந்தது யார் என்று பார்த்தேன். நம் அக்காதான். லேபுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். ஏச்சு வாங்கப் போகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டே வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நானா? அன்னிக்கா? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல லா" என்றார்.

"பழைய பாக்கெட் முடிஞ்சதும் புதுச நீங்க அடிச்சிருக்கீங்கக்கா. சரியா அந்த எடத்துல."

"அடிச்சிருப்பேன். தெனம் அடிக்கிறதுதானே." கண்ணாடிக்குள்ளே வரிசையாக வைத்திருந்த வளையங்களைப் பார்த்தார். இந்தப் பக்கம் கெட்டது, அந்தப் பக்கம் நல்லது என்று நான் காட்டினேன். "ஏம்மா, எனக்கே மறந்துபோனத இது இவ்ளோ நாள் வெச்சிருந்துச்சா?" என்று கேட்டு, மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் கேட்ட பிறகுதான் எனக்கும் அது உறைத்தது. ஒரு சாதாரண நாளில், யார் மனசிலும் நிற்காத ஒரு நொடி, அப்படியே கிடந்திருக்கிறது.

அதற்குள் சர்வீஸ் பிரிவினர் ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட ஆரம்பித்திருந்தார்கள். பதில்கள் வந்தபடி இருந்தன. இருக்கிறது, எடுத்து ஓரமாக வைத்துவிட்டோம். இருக்கிறது, மாற்று அனுப்புங்கள். வெளியூர்களிலிருந்துகூட வந்தது. சிக்கலானது ஒன்றே ஒன்று. அதுவும் எங்கள் தீவிலேயே இருக்கிற ஓர் ஆஸ்பத்திரி. அந்த எண்ணில் எங்களிடம் பம்பு கிடையாது என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. ஒன்று தப்பு என்றால் மற்றதெல்லாம் சரி என்பதற்கு என்ன உத்தரவாதம்? நான் மறுபடி திறந்து பார்த்தேன். அனுப்பியது, கொண்டு சேர்த்தது, பொருத்தியது, எல்லாமே இருந்தது. கொண்டு சேர்த்தவர் எங்கள் சர்வீஸ் அண்ணன். பட்டர்வொர்த்காரர், நரைத்த மீசை, பேச்சு குறைவு. அவரிடம் போய்க் கேட்டேன்.

"நாந்தாம்மா குடுத்தேன். கையெழுத்தும் வாங்கியிருக்கேன். ஆனா குடுத்தது ஒரு ஸ்டோர் ரூம்ல. அங்கேயிருந்து எந்த வார்டுக்குப் போச்சோ." காரின் சாவியை எடுத்தார். "வா, நேர்ல போயி பாத்துடுவோம்."

மேனேஜரிடம் சொன்னேன், தலையசைத்தார். மாற்றுப் பம்பு ஒன்றைப் பெட்டியோடு பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஜெலுத்தோங் கடற்கரைச் சாலை வழியாக அண்ணன் காரை ஓட்டினார். நான் அந்த எண்ணை எழுதிய தாளை மடியில் வைத்து, தேவையில்லாமல் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் பம்புகளுக்குப் பொறுப்பானவர் எங்களை மரியாதையாகவே நடத்தினார். அவருடைய பதிவில் அந்த எண் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவசரத்துக்கு ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டு பம்பைக் கடன் வாங்குவது வழக்கம். சில சமயம் எழுதாமல் விட்டுவிடுவார்கள் என்று அவரே சொல்லி, மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் ஒருவரை எங்களோடு அனுப்பினார். வார்டு வார்டாக நடந்தோம். ஒவ்வொரு பம்பின் அடியிலும் அண்ணன் குனிந்து லேபிளைப் படிப்பார், நான் தாளைப் பார்த்து இல்லை என்பேன். எங்கள் கம்பெனிப் பம்புகள் இத்தனை இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. பச்சை விளக்கு ஒளிர, மெல்லிய சத்தத்தோடு ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் பக்கத்தில் நின்றது. ஓர் இளம்பெண், ஒரு கிழவர், வயிற்றைப் பிடித்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்த ஒருவர். கொஞ்ச நேரத்தில் நான் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கியிருந்தேன். கோயிலுக்குள் நடக்கிற மாதிரி இருந்தது.

மேல்மாடி ஆண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்த, உழைத்த உடம்பு. பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். அண்ணன் பம்பின் அடியில் குனிந்தார். ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுப் படித்தார். நான் தாளில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். கடைசி எண்ணையும் படித்து முடித்தார்.

"இதுதான்ண்ணே" என்றேன்.

எனக்கு அந்தப் பம்பைத் தெரியும். அதன் மோட்டார் எந்த நாள் ஏறியது, யார் கை அதைத் தொட்டது, எந்தப் பெட்டியில் பிறைக்குப் போனது, எல்லாம் தெரியும். தெரியாத ஒன்று இது மட்டும்தான்: அதிலிருந்து ஒரு குழாய் கிளம்பி ஒரு மனிதரின் மணிக்கட்டுக்குள் போகிறது. சொட்டு விழுந்தது. அவர் நெஞ்சு ஏறி இறங்கியது. திரையில் நான் கடைசியாகத் தொட்ட கூட்டல் குறிக்கு அப்பால் இன்னொரு வரி இருந்திருக்கிறது, அது இவர்தான்.

"என்னம்மா, மெசின் கெட்டுப்போச்சா?" என்று அவர் மனைவி எழுந்தார்.

"கெட்டுப்போகலம்மா. உள்ள ஒரு சின்ன ரப்பர் சரியில்லாம இருக்கலாம்னு சந்தேகம். அதான் வேற மெசின் வெச்சிடுறோம்."

"ஆஸ்பித்திரியில கூப்பிட்டாங்களா?"

"இல்லம்மா. நாங்களே தேடிக்கிட்டு வந்தோம். மெசின் செய்யற பெக்டரியில இருந்து."

அவர் என்னையும் பம்பையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரருக்கு இந்த மெசின்தான் போட்டிருக்குன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"அவர யாருன்னு எங்களுக்குத் தெரியாதும்மா. மெசின் நம்பர் கம்ப்யூட்டர்ல இருக்கு. அத வெச்சு வந்தோம்."

"உள்ள இருக்கிற ரப்பரு?"

"அதுவும் இருக்கு."

"அந்தத் துக்குணூண்டு ரப்பருமா?"

"ஆமாம்மா."

அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பாலிக் புலாவ்ல நாங்க தோட்டம்தான் பாக்கிறோம். டுரியான், ஜாதிக்கா எல்லாம் இருக்கு. மொத்தம் எத்தன மரம்னு கேட்டா எங்களுக்கே தெரியாது." சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாத மாதிரி ஒரு சிரிப்பு வந்தது அவருக்கு. எனக்கும்தான்.

மிஸ்ஸி வந்து குழாயை நிறுத்தினார். அண்ணன் பழைய பம்பைக் கழற்றிப் புதியதை மாட்டினார். பச்சை விளக்கு எரிந்து, அந்த மெல்லிய சத்தம் மறுபடி தொடங்கியது. அசைவில் அந்த மனிதர் கண்விழித்தார்.

"என்னா?"

"ஒண்ணுமில்ல. மெசின் மாத்துறாங்க. பெக்டரியில இருந்தே வந்திருக்காங்க" என்றார் மனைவி.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "பெக்டரியில இருந்தா? எனக்கா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் மறுபடி தூங்கிவிட்டார்.

கழற்றிய பம்பை நானே மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அண்ணன் பின்சீட்டில் வைக்கச் சொன்னார், எனக்கு மனம் வரவில்லை. லேபில் அதைத் திறந்து வளையத்தை எடுத்து அழுத்திப் பார்த்தார்கள். கெட்ட லாட்தான், சந்தேகமில்லை. ஆனால் விரிசல் இல்லை. வெக்கை கூடிய ஊர்களிலிருந்து பின்னால் திரும்பி வந்தவற்றில் சிலது மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. இது முழுசாக இருந்தது. மேனேஜர் பூதக்கண்ணாடிக் கருவியை என் பக்கம் நகர்த்தினார். பார்த்தேன். பெரிதாகத் தெரிந்தபோது அதன் வழவழப்பும், மோட்டார் அச்சு சுற்றிச் சுற்றித் தேய்த்த தடமும் தெரிந்தன. அந்தச் சுற்று ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குப் போன மருந்து.

"இன்னும் எவ்வளவு நாள் தாங்கியிருக்கும்?" என்று கேட்டேன்.

"தெரியாது. தாங்கியே கூட இருக்கலாம்" என்றார் அவர். "அதைத் தெரிந்துகொள்ள நாம் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்" என்றார்.

பம்பின் பதிவை மூடுகிற வேலை என்னுடையது. இருந்த இடம், எடுத்த காரணம், மாற்றாகப் போன பம்பின் எண் ஆகியவற்றைப் போட வேண்டும். எத்தனையோ முறை இயந்திரம்போலச் செய்த வேலை. அன்று மாற்றுப் பம்பின் எண்ணைத் தட்டிவிட்டுத் தாளோடு ஒப்பிட்டேன். மறுபடியும் ஒப்பிட்டேன். அதன் பதிவில் வார்டு என்ற கட்டத்தை நாங்கள் பெரும்பாலும் காலியாகவே விடுவோம். அதில் மேல்மாடி ஆண்கள் வார்டு, ஜன்னலோரம் என்று போட்டேன்.